குழந்தையின் மின்சார டிரையல்ஸ் பைக்கை மேம்படுத்துவது: 48 வோல்ட்டுக்கு முன்னால் என்னென்ன இருக்கிறது?

நீங்கள் சொன்னது இவ்வளவு: 7 வயது மகளுக்காக ஏற்கெனவே யாரோ ஓட்டிய 16 அங்குலச் சக்கர மின்சார டிரையல்ஸ் பைக் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். 36 வோல்ட், மூன்று 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரிகள், பிரஷ் (மின்சாரத்தை உள்ளே கடத்தும் கார்பன் முனை) வைத்த மோட்டார். வண்டி 36 கிலோ, மகள் 23 கிலோ. சார்ஜ் நிற்பதில்லை. லித்தியத்துக்கு மாறலாமா, மாறும்போதே 48 வோல்ட் ஆக்கிவிடலாமா, வேறு என்னென்ன மாற்றலாம் என்பது கேள்வி.

லித்தியத்துக்குத் தாராளமாக மாறலாம். 48 வோல்ட் வேண்டாம். இந்த இரண்டுக்கும் முன்னால் பெரிய செலவில்லாத சில வேலைகள் இருக்கின்றன. அவற்றை முடித்தாலே வண்டி பாதி மாறிவிடும்.

டிரையல்ஸில் வேகத்துக்கு மதிப்பெண் கிடையாது. பாறை, மரக்கட்டை, சேற்று மேடு என்று குறித்து வைத்த ஒரு பகுதியைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒரு முறை ஊன்றினால் 1 தண்டப் புள்ளி, இரண்டு முறை என்றால் 2, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3, கடக்க முடியாமல் போனால் 5. நடக்கிற வேகத்தில் சமநிலை குலையாமல் போவதுதான் ஆட்டம். இங்கே குழந்தைக்குத் தடையாக இருப்பது மோட்டாரின் பலவீனம் அல்ல, வண்டியின் எடை. பெரியவர்கள் ஓட்டும் டிரையல்ஸ் பைக்குகள் 65 முதல் 70 கிலோவுக்குள் இருக்கும். ஓட்டுபவரும் ஏறக்குறைய அதே எடை. உங்கள் மகளுடைய வண்டியோ அவளைப்போல் ஒன்றரை மடங்கு. அதைச் சாய்க்கவும் தூக்கவும் தள்ளவும் அவளுக்குப் பலம் போதாது. எந்த மாற்றத்தை யோசித்தாலும் இந்த விகிதத்தை அது குறைக்கிறதா, வண்டியை அவள் சொல்பேச்சு கேட்க வைக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

முதல் வேலை கில் ஸ்விட்ச். மணிக்கட்டில் கட்டிய கயிற்றோடு காந்தம் கழன்று வந்தால் வண்டி நிற்கிற அமைப்பு உங்கள் வண்டியில் இருக்கும். அந்தக் காந்தம் உண்மையில் எதைத் துண்டிக்கிறது என்பதைச் சோதித்துப் பாருங்கள். பல வண்டிகளில் அது கன்ட்ரோலரை (ஆக்சிலரேட்டருக்கேற்ப மோட்டாருக்கு மின்சாரம் விடும் பெட்டி) எழுப்புகிற மெல்லிய சிக்னல் ஒயரை மட்டும்தான் துண்டிக்கும். கன்ட்ரோலர் நன்றாக இருக்கும்வரை அது போதும். ஆனால் பிரஷ் மோட்டார் கன்ட்ரோலரில் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருப்பவை மாஸ்ஃபெட் என்கிற சில மின்னணு ஸ்விட்ச்சுகள்தான். சூடேறி அவை கெடும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகியே கெடும். அப்படி ஆனால் பேட்டரி நேரடியாக மோட்டாரோடு இணைந்துவிடும். வண்டி முழு வேகத்தில் பாயும். ஆக்சிலரேட்டரை விட்டாலும் நிற்காது, சிக்னல் ஒயரைத் துண்டித்தாலும் நிற்காது. பிரஷ் இல்லாத மோட்டாரில் இதே கோளாறு வந்தால் சக்கரம் இறுகுமே தவிரப் பாயாது. உங்களுடையது பிரஷ் மோட்டார் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

சோதிப்பது எளிது. பின்சக்கரம் தரையில் படாதபடி வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, கன்ட்ரோலருக்குள் போகும் தடித்த இரண்டு பேட்டரி ஒயர்களில் மல்டிமீட்டரை வையுங்கள். காந்தத்தை இழுத்த பிறகும் 36 வோல்ட்டுக்கு மேல் அப்படியே நின்றால் சிக்னல் மட்டும்தான் துண்டிக்கப்படுகிறது. மெல்ல மெல்ல இறங்கினால் மெயின் லைனே துண்டாகிறது என்று பொருள். உள்ளே உள்ள கெப்பாசிட்டர்கள் காலியாக சற்று நேரமாகும். முதல் வகையாக இருந்தால் மெயின் பாசிட்டிவ் ஒயரில் காண்டாக்டர் (பெரிய மின்சாரத்தைத் துண்டிக்கும் ரிலே) ஒன்றைச் சேருங்கள். காந்த ஸ்விட்ச் அதன் காயிலை இயக்கட்டும். காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு வைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அந்தச் சின்ன ஸ்விட்ச் நாளடைவில் கருகிவிடும். சாதாரண பட்டன் ஸ்விட்ச்சை மெயின் லைனில் நேராக வைக்கவே கூடாது. 40 ஆம்பியர் டிசி மின்சாரத்தைத் துண்டிக்கும்போது தீப்பொறி நீண்டு, உள்ளே இருக்கும் தகடுகள் ஒட்டிக்கொள்ளும். அவசரத்துக்கு உதவ வேண்டிய ஸ்விட்ச் அவசரத்தில்தான் ஒட்டும்.

ஃப்யூஸையும் அப்போதே பாருங்கள். கார்களில் வரும் தட்டை பிளேடு ஃப்யூஸ்களில் பெரும்பாலானவை 32 வோல்ட்டுக்கு மட்டுமே. 36 வோல்ட் வண்டியில் உருகினாலும் உள்ளே தீப்பொறி தொடர வாய்ப்பு உண்டு. 58 வோல்ட் அல்லது அதற்கு மேல் டிசி என்று குறித்திருப்பதை வாங்கி, பேட்டரிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் வையுங்கள்.

இன்னொரு இடம், ஹேண்டில்பாரின் கழுத்து. ஆக்சிலரேட்டரிலிருந்து வரும் மூன்று மெல்லிய ஒயர்கள் ஒவ்வொரு திருப்பத்துக்கும் அங்கேதான் வளைகின்றன. ஹால் சென்சார் ஆக்சிலரேட்டருக்கு 5 வோல்ட் போகும். திருகத் திருக சுமார் 0.8 முதல் 4.2 வோல்ட் வரை சிக்னலாகத் திரும்பி வரும். மூன்றில் கிரவுண்ட் ஒயர் அறுந்தால் சிக்னல் 5 வோல்ட்டை நோக்கி ஏறும். வரம்பு மீறிய சிக்னலைக் கண்டுகொள்ளாத மலிவான கன்ட்ரோலர் அதை முழு ஆக்சிலரேட்டர் என்றே எடுத்துக்கொள்ளும். பழைய வண்டி என்பதால் அந்த ஒயர்களை உரித்துப் பார்த்துவிடுவது நல்லது. விறைத்துப் போயிருந்தால் நெகிழ்வான சிலிகான் ஒயராக மாற்றி, திருப்பத்தில் இழுபடாத அளவுக்குச் சற்றுத் தளர்வாக விடுங்கள்.

சரி, இனி வண்டியைக் குழந்தைக்குப் பொருத்துவது. இதற்குப் பெரும்பாலும் ஒரு ஆலன் கீ செட் போதும். அவளை நிற்கும் நிலையில் வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும், உட்கார வைத்து அல்ல. டிரையல்ஸ் நின்று ஓட்டுவது. ஃபுட்ரெஸ்ட்டில் நின்று, முழங்கால் லேசாக மடங்கி, முழங்கை வெளியே விரிந்து, முதுகு வளையாமல் ஹேண்டில்பாரைப் பிடிக்க வேண்டும். குனிய வேண்டியிருந்தால் ஹேண்டில்பாரை உயர்த்துங்கள், அல்லது சற்று முன்னால் சுழற்றுங்கள். அகலம் அதிகமாக இருந்தால் பக்கத்துக்கு 10 மி.மீ. அறுத்துவிட்டு சில நாள் ஓட்ட விடுங்கள். ஒரேயடியாக அறுத்தால் ஒட்ட முடியாது. அறுத்த முனையில் மூடி கட்டாயம். திறந்த குழாய் முனையில் விழுந்தால் சதை கிழியும். பிரேக் லீவரை அவளுடைய ஆள்காட்டி விரலின் முதல் மடிப்புக்கு எட்டும்படி அருகில் கொண்டுவாருங்கள். அநேகமாக எல்லா லீவரிலும் அதற்கென்றே ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். முந்தைய சொந்தக்காரர் அதைத் தொட்டே இருக்க மாட்டார்.

கிரிப் தடிமனையும் கவனியுங்கள். சின்னக் கை தடித்த கிரிப்பை இறுக்கிப் பிடித்தால் முன்கை சீக்கிரம் சோர்ந்துவிடும். சோர்ந்த கை ஆக்சிலரேட்டரைத் தெரியாமல் திருகும். மெல்லிய, மென்மையான கிரிப் மலிவான விஷயம். ஆனால் இந்தப் பட்டியலில் அதைவிட அதிகப் பயன் தருபவை ஒருசிலதான்.

அடுத்தது ஆக்சிலரேட்டரின் குணம். பிரிட்டனில் தொடங்கிய ஓசெட் நிறுவனத்தின் வண்டிகளில் வேகம், சக்தி, எவ்வளவு சட்டென்று பாய வேண்டும் என்ற மூன்றையும் தனித்தனியாகத் திருகிக் குறைக்கலாம். வேறு வண்டிகள் சிலவற்றிலும் இதுபோன்ற அமைப்பு உண்டு. உங்களுடையதில் இருந்தால் வேகத்தைக் குறைத்து வையுங்கள்; பாய்ச்சலை ஏறக்குறைய அடிமட்டத்துக்குக் கொண்டுபோங்கள். சக்தியை மட்டும் பாதிக்கு மேலேயே விடலாம். பலர் மூன்றையும் ஒன்றாகக் குறைத்துவிடுகிறார்கள். அப்போது மேட்டில் வண்டி பாதியில் நின்று பின்னால் உருளும், குழந்தை பயந்துபோகும். மெதுவாகத் தொடங்கி, கேட்ட இடத்தில் இழுவை தருகிற வண்டிதான் நம்பிக்கை தரும். இந்தத் திருகுகள் எதுவும் இல்லாத வண்டியாக இருந்தால், பாய்ச்சலைக் கட்டுப்படுத்தும் வசதியுள்ள கன்ட்ரோலர் வாங்குவதுதான் நான் பணம் போடச் சொல்லும் முதல் மின் மாற்றம்.

பிரேக் விஷயத்துக்கு வருவோம். கேபிள் டிஸ்க் பிரேக் இருந்தால் முதலில் கேபிளையும் அதன் உறையையும் புதிதாக்குங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். அதற்குப் பிறகும் ஒற்றை விரலால் பின்சக்கரத்தைப் பூட்ட அவளால் முடியவில்லை என்றால் மலை சைக்கிள்களுக்கு வரும் ஹைட்ராலிக் பிரேக் பொருத்தலாம். காலிபர் பொருத்தும் துளைகளும் டிஸ்க்கின் விட்டமும் ஒத்துப்போகின்றனவா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். மினரல் ஆயிலில் ஓடும் பிரேக்குக்கு டாட் வகை பிரேக் திரவத்தை ஊற்றினால் சீல்கள் ஊதிப் பாழாகும். மாற்றி ஊற்றினாலும் அப்படித்தான். லீவர் மாற்றும்போது பலர் மறப்பது ஒன்று உண்டு. பிரேக் பிடித்தால் மோட்டாரை நிறுத்துகிற சின்ன ஸ்விட்ச் பழைய லீவருக்குள்தான் இருக்கும். ஸ்விட்ச் உள்ள ஹைட்ராலிக் லீவராகப் பாருங்கள், அல்லது லீவரில் ஒட்டும் காந்த சென்சார் வாங்குங்கள். தேர்ந்த பிள்ளைகள் பின்பிரேக்கைப் பிடித்தபடியே ஆக்சிலரேட்டரைத் திருகி, இரண்டையும் எதிரெதிராக வைத்துச் சமநிலை பிடிப்பார்கள். அவர்களுக்கு அந்த ஸ்விட்ச் இடைஞ்சல். 7 வயதில் தொடங்குகிற குழந்தைக்கு அது காப்பு. இருக்கட்டும்.

இப்போது பேட்டரி. இதில்தான் உண்மையான லாபம் இருக்கிறது.

12 வோல்ட், 12 ஆம்பியர்-அவர் லெட்-ஆசிட் பேட்டரி ஒன்று ஏறக்குறைய 4 கிலோ. மூன்று சேர்ந்தால் 12 கிலோ, அதாவது உங்கள் வண்டியில் மூன்றில் ஒரு பங்கு. 12 ஆம்பியர்-அவர் என்பதும் மெதுவாக, பல மணி நேரம் எடுத்தால் கிடைக்கிற அளவுதான். 30, 40 ஆம்பியர் என்று இழுத்தால் அதில் பாதியோ சற்று மேலோதான் வெளியே வரும். போகப்போக வோல்ட்டேஜும் சரியும். தொடங்கும்போது துள்ளுகிற வண்டி அரை மணி கழித்து மந்தமாவது இதனால்தான்.

அதற்குப் பதிலாக 21700 அளவு லித்தியம்-அயான் செல்களில், வரிசையாக 10, பக்கவாட்டில் 3 என்று 30 செல்கள் கொண்ட பேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். செல் ஒன்று சுமார் 70 கிராம். மொத்தம் 2.1 கிலோ, பி.எம்.எஸ். (செல்களைக் கண்காணித்துக் காக்கும் மின்சுற்று), ஒயர், பெட்டி எல்லாம் சேர்த்து 3 கிலோ. செல் ஒன்றுக்கு 4.2 ஆம்பியர்-அவர் என்றால் 12.6 ஆம்பியர்-அவர், அதுவும் ஏறக்குறைய முழுதாகப் பயன்படும். 9 கிலோ குறைந்து வண்டி 27 கிலோ ஆகும். அவளுடைய எடையைப்போல் ஒன்றரை மடங்காக இருந்தது 1.2 மடங்குக்குக் கீழே வந்துவிடும். இந்த ஒரு மாற்றத்துக்கு நிகராக வேறெதுவும் கிடையாது. முன்சக்கரத்தைத் தூக்குவது, விழுந்த வண்டியைத் தானே நிமிர்த்துவது இரண்டும் அன்றைக்கே கைகூடும். தானே நிமிர்த்த முடிகிற குழந்தை அப்பாவைக் கூப்பிட்டுக் காத்திருப்பதில்லை. அதனாலேயே இன்னும் நிறைய ஓட்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது மூன்று எண்கள். கன்ட்ரோலரின் உச்ச ஆம்பியர் எவ்வளவு? பி.எம்.எஸ். தொடர்ச்சியாகத் தரும் ஆம்பியர் அதைவிட நன்றாக அதிகமாக இருக்க வேண்டும். 40 ஆம்பியர் கன்ட்ரோலருக்கு 60 ஆம்பியர் பி.எம்.எஸ். என்றால் நிம்மதி. குறைவாக இருந்தால் மேட்டின் நடுவில், மிகத் தேவையான நொடியில், பி.எம்.எஸ். மின்சாரத்தை நிறுத்திவிடும். மூன்றாவது எண் செல்லினுடையது: 40 ஆம்பியரைப் பக்கவாட்டில் உள்ள 3 செல்கள் பகிர்ந்தால் செல் ஒன்றுக்கு 13 ஆம்பியருக்கு மேல் வரும். அதைச் சிரமமில்லாமல் தரும் உயர் மின்னோட்டச் செல்களா, சைக்கிளுக்கும் லேப்டாப்புக்கும் வரும் செல்களா என்று கேளுங்கள். செல்லின் பெயரையே சொல்லத் தயங்குகிற விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

பேக்கை வீட்டில் நாமே கட்டுவது பற்றியும் கேட்கத் தோன்றும். ஸ்பாட் வெல்டிங் பழக்கம் இல்லாதவர் முதல் பேக்கைக் குழந்தையின் கால்களுக்கு நடுவே வைக்கப்போகும் வண்டிக்காகக் கட்ட வேண்டாம்.

பயம் அதிகம் என்றால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகைக்குப் போங்கள். 12 செல் வரிசை 38.4 வோல்ட் தரும். எளிதில் தீப்பிடிக்காது, அதிக வருடம் உழைக்கும். எடை சற்றுக் கூடும், பெட்டியும் பெரிதாகும். 16 அங்குல வண்டியில் இடம் இருந்தால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன், ஒரு கிலோ கூடினாலும் பரவாயில்லை.

சார்ஜர் விஷயத்தில் சமரசமே கூடாது. பழைய லெட்-ஆசிட் சார்ஜர் 43 முதல் 44 வோல்ட் வரை ஏற்றும். 10 வரிசை லித்தியம்-அயானின் உச்சம் 42.0 வோல்ட். காப்பாற்ற பி.எம்.எஸ். இருக்கிறதே என்று அதை நம்பிப் பழைய சார்ஜரைச் செருகாதீர்கள். 12 வரிசை அயர்ன் பாஸ்பேட்டின் உச்சம் 43.8 வோல்ட், அதற்கும் அதற்கேற்ற சார்ஜர்தான். பழையதை வீட்டிலேயே வைத்திருக்காமல் அப்புறப்படுத்துங்கள், இல்லாவிட்டால் யாராவது ஒருநாள் கைக்குக் கிடைத்ததைச் செருகுவார்கள். ஓட்டி முடித்ததும் பேக் ஆறட்டும், அப்புறம் சார்ஜ் போடுங்கள். உறை குளிரில் சார்ஜ் ஏற்றக் கூடாது. எல்லோரும் தூங்கும்போதோ, வீட்டை விட்டு வெளியேறும் வழியிலோ வைத்துச் சார்ஜ் செய்யக் கூடாது. பல வாரம் ஓட்டாமல் வைக்கும்போது லித்தியத்தைப் பாதிச் சார்ஜில் விடுங்கள், லித்தியம்-அயான் என்றால் செல்லுக்கு 3.7, 3.8 வோல்ட். லெட்-ஆசிட்டுக்கு இது நேரெதிர். அதை நிறைத்துத்தான் வைக்க வேண்டும். பழைய பேட்டரிகள் சீக்கிரம் செத்ததற்குக் காலியாகவே கிடந்தது காரணமாக இருக்கலாம்.

பேக் சிறியது என்பதால் பெட்டியில் இடம் மிஞ்சும். மேலே வைக்காமல் அடித்தளத்தில் வைத்து, சுற்றிலும் அடர்ந்த ஃபோம் கொடுத்து, அசையாமல் பெல்ட் போடுங்கள். எடை கீழே இருந்தால் வண்டி சாய்ந்தாலும் திரும்ப நிமிர்வது எளிது. செருகும்போது கன்ட்ரோலரின் கெப்பாசிட்டரால் பெரிய பொறி வரும். கனெக்டர் முனைகள் கரியும். எக்ஸ்.டி.90-எஸ் என்கிற பொறி தடுக்கும் வகை கனெக்டர் போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது 48 வோல்ட். ஏன் வேண்டாம் என்கிறேன்? நடக்கிற வேகத்தில் மோட்டார் தரும் இழுவையைத் தீர்மானிப்பது அதற்குள் போகும் ஆம்பியர். அந்த ஆம்பியருக்கு கன்ட்ரோலரே ஒரு வரம்பு வைத்திருக்கிறது. வோல்ட்டேஜைக் கூட்டினாலும் அந்த வரம்பு மாறாது. உச்ச வேகம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடும். டிரையல்ஸில் அதற்கு வேலையே இல்லை. மறுபக்கம், 13 வரிசை பேக் நிறைந்தால் 54.6 வோல்ட். 36 வோல்ட் கன்ட்ரோலர்கள் பலவற்றில் கெப்பாசிட்டர்கள் 50 வோல்ட்டுக்கானவை. முன்னே சொன்ன மாஸ்ஃபெட் கோளாறை நாமே கூப்பிட்டு உட்கார வைத்தது போல ஆகும். மோட்டாரின் பிரஷ்களிலும் பொறி கூடும். போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் இன்னொன்று: வகுப்புகளைச் சக்கர அளவையும் சக்தியையும் வைத்துப் பிரிக்கிற இடங்கள் உண்டு. மாற்றிய வண்டி பெரிய பிள்ளைகளின் வகுப்புக்குத் தள்ளப்படலாம்.

கன்ட்ரோலருக்குள் ஆம்பியரை அளக்க உதவும் ஷன்ட் கம்பியில் சால்டர் பூசி ஆம்பியர் வரம்பை ஏமாற்றும் வித்தை ஒன்று ஊரெல்லாம் பரவியிருக்கிறது. இழுவை கூடும், உண்மைதான். எவ்வளவு கூடியது என்று யாருக்கும் தெரியாது என்பதுதான் அதில் உள்ள கோளாறு. விட்டுவிடுங்கள்.

இழுவை வேண்டுமென்றால் ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடும் பல்சக்கரம்) மாற்றுங்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மோட்டார் நிமிடத்துக்கு 3000 சுற்று, முன்னால் 9 பல், பின்னால் 72 பல் என்று வையுங்கள். விகிதம் 8, சக்கரம் 375 சுற்று. 16 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 1.26 மீட்டர், ஆக மணிக்கு 28 கி.மீ. முன்னால் ஒரே ஒரு பல்லைக் குறைத்து 8 ஆக்கினால் விகிதம் 9. வேகம் 25 கி.மீ. அதே இழுவைக்கு மோட்டாருக்கு 11 சதவீதம் குறைவான ஆம்பியர் போதும். சூடு ஆம்பியரின் இருமடியைப் பொறுத்தது என்பதால் சுருளின் சூடு ஐந்தில் ஒரு பங்கு குறையும். 48 வோல்ட் ஆக்கினால் மோட்டார் கூடுதலாகப் படும் கஷ்டத்துக்கு நேர்மாறாக இங்கே அது இளைப்பாறுகிறது. முன்னால் ஒரு பல் குறைப்பதும் பின்னால் 9 பல் கூட்டுவதும் ஏறக்குறைய ஒன்றே. முன் ஸ்ப்ராக்கெட் மலிவு, ஆனால் மிகச் சிறியதில் செயின் கூர்மையாக வளைந்து சத்தம் போடும், சீக்கிரம் தேயும். பின் ஸ்ப்ராக்கெட் பெரிதானால் பாறையில் இடிக்கும். முதலில் முன்பக்கம் முயன்று பாருங்கள்.

ஸ்ப்ராக்கெட் வாங்கப் போகும் முன் செயினின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். அருகருகே உள்ள பின்களை வைத்து 10 இடைவெளிகளின் நீளத்தை அளந்தால், 63.5 மி.மீ. என்றால் 25 எண் செயின், 77.7 என்றால் 219, 80 என்றால் டி8எஃப். கடைசி இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். மாற்றிப் போட்டால் சில பற்களிலேயே ஏறி மிதிக்கும். செயினும் ஸ்ப்ராக்கெட்டும் தொடும் இடங்களில் விரல் நுழையாத கவசம் வேண்டும். மின்சார வண்டி சத்தமில்லாமல் நிற்கும். அணைந்திருக்கிறது என்று நினைத்துக் கையை வைப்பது மிக எளிது. பின்சக்கரத்தை ஸ்டாண்டில் ஏற்றி வைத்து வேலை செய்யும்போது குழந்தை பக்கத்தில் இருந்தால் பேட்டரி கனெக்டரைக் கழற்றி வைத்துவிடுங்கள். அடியில் மோட்டாரையும் செயினையும் காக்கும் தகடு இல்லையென்றால் 3 அல்லது 4 மி.மீ. அலுமினியத்தில் வளைத்துப் பொருத்தலாம்.

டயரில் காற்று. பெரியவர்களின் டிரையல்ஸ் பைக்கில் பின்டயருக்கு 4, 5 பி.எஸ்.ஐ.தான் வைப்பார்கள், ரப்பர் பாறையைக் கவ்விப்பிடிக்க வேண்டும். டியூப் வைத்த குழந்தை வண்டியில் அவ்வளவு இறக்கினால் கல்லில் இடித்து டியூப் கடிபடும். 12 பி.எஸ்.ஐ.யில் தொடங்கி, ஒவ்வொன்றாக இறக்கி, ரிம் தரை தட்டுவதற்கு முன் நிறுத்துங்கள். சாதாரண காற்றுமானியில் இந்தக் கீழ் அளவுகள் சரியாகத் தெரியாது, 15 பி.எஸ்.ஐ.க்குள் காட்டும் சிறிய மானி தனியாக வாங்க வேண்டும். ஸ்போக்குகளையும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.

சஸ்பென்ஷனில் அதிகம் செலவழிக்காதீர்கள். அவள் ஃபுட்ரெஸ்ட்டில் நிற்கும்போது பின் ஷாக் தன் மொத்தப் பயணத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கினால் நல்லது. இறங்கவே இல்லையென்றால் ஸ்பிரிங் கடினம்; ப்ரீலோடை (ஸ்பிரிங்கின் முன் அழுத்தம்) தளர்த்தியும் போதாவிட்டால் மெல்லிய ஸ்பிரிங் மாற்றலாம். 9 கிலோ குறைந்த பிறகு இதை மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே பேட்டரிக்குப் பிறகு செய்யுங்கள்.

தண்ணீரில் ஓட்டலாம், பிரஷரில் கழுவக் கூடாது. கனெக்டர்களில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவுங்கள். கன்ட்ரோலர் பெட்டியை முழுக்க சிலிகானால் அடைத்துவிடாதீர்கள். உள்ளே வேர்த்த நீர் வெளியேற அடியில் சின்னத் துளை வேண்டும். மேடேறிப் பழகும் நாட்களில் இடையிடையே மோட்டார் உடலைத் தொட்டுப் பாருங்கள். ஓரிரு நொடிக்கு மேல் கை வைக்க முடியவில்லை என்றால் ஓய்வு கொடுக்கும் நேரம்.

நிறம், ஸ்டிக்கர், எண் பலகை எல்லாம் மகளின் இலாகா. மட்கார்ட் பிளாஸ்டிக்கில் பெயின்ட் நிற்காது, முதல் விழுதலிலேயே உரியும். தடித்த வினைல் ஸ்டிக்கர்தான் சரி. ஆல்கஹாலால் துடைத்து, ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கி ஒட்டினால் ஓரம் கிளம்பாது. பேட்டரிக்குப் பணம் போடும் முன்னால் கணுக்காலை மூடும் பூட்ஸும், அளவான இலேசான ஹெல்மெட்டும் கையுறையும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். தலைக்குப் பெரிதான கனத்த ஹெல்மெட் அவள் கழுத்தைத்தான் சோதிக்கும்.

7 வயதுக் குழந்தை 16 அங்குல வண்டியில் அதிக காலம் இருக்காது. ஓசெட்டை 2022-இல் டிரையம்ப் வாங்கியது. ஓசெட் பெயரில் வந்த வண்டிகளில் 12.5, 16, 20, 24 என்று மாடல் எண்ணே சக்கர அளவைச் சொல்லும். அடுத்த படி 20. அதனால், பழைய சார்ஜரையும் செத்த பேட்டரிகளையும் தவிர, வண்டியோடு வந்த பாகங்கள் எதையும் தூக்கி எறியாமல் ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். விற்கும்போது மூல நிலைக்குத் திருப்பி, புதிய லெட்-ஆசிட் பேட்டரியோடும் அதற்குரிய புதிய சார்ஜரோடும் கொடுத்துவிட்டு லித்தியம் பேக்கை நீங்களே வைத்துக்கொள்ளலாம். அடுத்த வண்டியும் 36 வோல்ட்டாக இருந்து, அதன் கன்ட்ரோலர் கேட்கும் ஆம்பியரை உங்கள் பி.எம்.எஸ். தருமானால், கனெக்டரை மட்டும் மாற்றினால் போதும். அதனால் பேக் வாங்கும்போதே ஆம்பியரில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.